வீட்டுப் பொருள்களைக் கலந்தபோது எதிர்பாராமல் விளைந்த படிகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினிகர், ஆப்ப சோடா, பேதி உப்பு, படிகாரம், எலுமிச்சை உப்பு போன்றவற்றில் ஏதேனும் இரண்டைக் கலந்து ஒதுக்கி வைத்த பாத்திரத்தில், நீர் வற்றிய பிறகு ஊசியாகவோ கனசதுரமாகவோ மெல்லிய தகடாகவோ படிகங்கள் நிற்பதைப் பலர் காண்கிறார்கள். அவை என்னவென்று கேட்கும்போது பெரும்பாலும் ஒரு நிழற்படத்தை மட்டுமே காட்டுகிறார்கள். நிழற்படம் உதவும், ஆனால் போதாது. எவை கலந்தன, எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில், எந்த நீரில், அடுப்பில் வைத்தார்களா வெயிலில் வைத்தார்களா என்ற விவரங்களே விடையின் பெரும்பகுதியைத் தருகின்றன. கீழே உள்ள பதில்கள் அந்த விவரங்களைக் கொண்டே அமைந்துள்ளன.

உருவான படிகத்தைக் கையால் தொடலாமா?

கலந்தவை எவை என்று உறுதியாகத் தெரிந்து, அவை சமையலறையில் உண்ணும் பொருள்களாகவே இருந்தால், கையுறை அணிந்து எடுத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் சில கலவைகளில் படிகத்தை ஆராயும் ஆவலை முற்றிலும் விட்டுவிட வேண்டும். ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ வினிகருடனோ கழிப்பறை கழுவும் அமிலத்துடனோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்துடன் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் வெளிப்படும். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்குபவை. அப்படிக் கலந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவிட்டு உடனே வெளியே போக வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் 108 ஐ அழைக்க வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடை, அதாவது தலைமுடிச் சாயத்துடனோ புண் கழுவும் மருந்தாகவோ கிடைக்கும் திரவத்தை, வேறு கரைப்பான் எதனுடனாவது கலந்து வைத்திருந்து அதில் வெண்படிகம் தென்பட்டால் அதைச் சுரண்டக் கூடாது, பாத்திரத்தை நகர்த்தக்கூடக் கூடாது. அவ்வகைப் படிகங்களில் சில, சிறு உராய்விலேயே வெடிக்கக்கூடியவை. அறையை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழைப்பதே செய்யத்தக்க ஒரே காரியம். இந்தப் பக்கத்தில் இனி வரும் சோதனைகள் எதுவும் இவ்விரு வகைக் கலவைகளுக்கும் பொருந்தா.

நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பா, சோடாவா என்று தெரிந்துவிடாதா?

கூடாது. உண்ணும் பொருள்கள் மட்டுமே கலந்தன என்று நினைத்த பாத்திரத்தில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் உப்புகள் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சுவை தரும் செய்தியைவிட அதிகமாகச் சொல்லும் சோதனைகள் வேறு இருக்கின்றன.

அடையாளம் காண்பதை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளில் கணக்கு எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும். கலவைக்குள் போகாத தனிமம் எதுவும் படிகத்தில் வெளிவராது. எனவே உள்ளே போன ஒவ்வொரு பொருளையும் அதன் அயனிகளாகப் பிரித்து எழுதிக்கொண்டு, அவை இடம் மாறிச் சேர்ந்தால் என்னென்ன உப்புகள் கிடைக்கும் என்று பார்த்தால், சாத்தியங்கள் நான்கைந்துக்கு மேல் போவதில்லை. எடுத்துக்காட்டாக, பேதி உப்பில் மக்னீசியமும் சல்பேட்டும் உள்ளன; ஆப்ப சோடாவில் சோடியமும் பைகார்பனேட்டும் உள்ளன. இவ்விரண்டையும் கலந்தால் கிடைக்கக்கூடியவை மக்னீசியம் சல்பேட், சோடியம் சல்பேட், மக்னீசியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட் ஆகியவையே. இதில் எது குறைவாகக் கரைகிறதோ அது முதலில் படியும்.

இந்தக் கணக்கில் பலர் மறந்துவிடும் வரவுகள் மூன்று உள்ளன. முதலாவது தண்ணீர்: ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏராளமாக இருக்கும். இரண்டாவது பாத்திரம்: அமிலம் சேர்ந்த கலவை பித்தளையிலிருந்தும் இரும்பிலிருந்தும் அலுமினியத்திலிருந்தும் உலோகத்தை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது காற்று: அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, காரக் கரைசல்களை மெல்லக் கார்பனேட்டாக மாற்றும். சோப்பு செய்வதற்கு வாங்கிய காஸ்டிக் சோடா டப்பாவின் மூடியில் படியும் வெள்ளைப் பொருக்கு இப்படி விளைந்த சோடியம் கார்பனேட்தான். அதனோடு காஸ்டிக் சோடாவும் ஒட்டியிருக்கும் என்பதால் அதை வெறுங்கையால் தொடக் கூடாது. கடையில் வாங்கிய பொட்டலத்தின் உள்ளடக்கப் பட்டியலையும் படிக்க வேண்டும். சலவைத் தூளில் சலவை சோடாவும், அதாவது சோடியம் கார்பனேட்டும், சோடியம் சல்பேட்டும் இருப்பது வழக்கம். மேசை உப்பில் கட்டி தட்டாமல் இருக்க வேறு பொருள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும்.

வினிகரில் ஆப்ப சோடாவைக் கலந்து காய்ச்சினேன். பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கும், நடுவில் நீண்ட ஊசிகளும் வந்தன. இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் ஒன்றல்ல. அதிகம் வரும் கேள்வி இது என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

வினிகர் என்பது அசிட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசல். 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகர் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதை முழுவதும் நடுநிலையாக்க 7 கிராம் ஆப்ப சோடா போதும். கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறியபின் கரைசலில் 6.8 கிராம் சோடியம் அசிட்டேட் மிஞ்சும். அது படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்வதால் 11.3 கிராம் படிகம் கிடைக்கும். ஆனால் நுரை நின்றுவிட்டதா என்று பார்த்துப் பார்த்து அள்ளிப் போடுபவர்கள் 7 கிராமோடு நிறுத்துவதில்லை. 10 கிராம் போட்டிருந்தால் 3 கிராம் ஆப்ப சோடா வேலையின்றிக் கரைசலில் நிற்கும்.

இனி வற்றும்போது நடப்பதைப் பாருங்கள். சோடியம் அசிட்டேட் மிக எளிதில் கரைவது; அறை வெப்பத்தில் 100 கிராம் நீரில் 46 கிராமுக்கும் மேல் கரையும். ஆகவே கரைசலிலுள்ள நீர் தொடக்க அளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை அது படியத் தேவையில்லை. ஆப்ப சோடாவோ 100 கிராம் நீரில் 10 கிராம் அளவுக்குத்தான் கரையும். அதனால் மிச்சமிருந்த ஆப்ப சோடா முன்னதாகவே ஓரத்தில் பொருக்காகப் படிந்துவிடும். அடுப்பில் கொதிக்க வைத்திருந்தால் அதில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடை இழந்து சலவை சோடாவாகவும் மாறியிருக்கும். கடைசியில் பாகுபோல் கெட்டியான நீர்மத்திலிருந்து வந்த நீண்ட ஊசிகளே சோடியம் அசிட்டேட்.

சில சமயம் அந்தப் பாகு நாள்கணக்கில் தெளிவாகவே இருந்து, ஒரு தூசு விழுந்ததும் அல்லது கரண்டி பட்டதும் சட்டென்று முழுவதும் இறுகி, பாத்திரம் சூடாகிவிடும். அதிதெவிட்டிய கரைசலுக்கு, அதாவது வழக்கமாகக் கரையும் அளவைவிட அதிகமான உப்பைக் கரைத்து வைத்திருக்கும் கரைசலுக்கு, சோடியம் அசிட்டேட் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. குளிர்நாடுகளில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் கைச்சூடேற்றிப் பைகள் இந்த வெப்பத்தையே பயன்படுத்துகின்றன. தொட்டதும் இறுகிச் சூடான வெள்ளைப் படிகம், வினிகரும் சோடாவும் கலந்த பாத்திரத்தில் வந்திருந்தால், அதற்குமேல் பெரிய ஐயம் தேவையில்லை.

அதைச் சோதித்து உறுதி செய்வது எப்படி?

மூன்று எளிய சோதனைகள் உள்ளன. படிகத்தில் சிறிதளவைச் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு நன்கு மூடி, 60 முதல் 70 டிகிரி சூடுள்ள நீரில் அமிழ்த்தினால், நீரேறிய சோடியம் அசிட்டேட் 58 டிகிரியில் தன் படிக நீரிலேயே உருகித் தெளிந்த நீர்மமாகும். ஆப்ப சோடா உருகாது. இன்னொரு சிட்டிகையின் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டால், கார்பனேட்டோ பைகார்பனேட்டோ இருக்கும் இடத்தில் மட்டும் நுரைக்கும். தூய சோடியம் அசிட்டேட் நுரைக்காது. மூன்றாவதாக, உலர்ந்த படிகத்துடன் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து ஓரிரு சொட்டு நீர் விட்டுக் குழைத்தால், அசிட்டேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் விடுபட்டு வினிகர் வாடை எழும். முகத்தருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி முகர்ந்தால் போதும். படிகத்தில் வினிகரே ஒட்டியிருந்தாலும் இதே வாடை வரும் என்பதால், முதலில் நன்கு உலர்த்தி, வாடையற்றது என்று உறுதி செய்த பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

வடிவத்தைப் பார்த்தே பெயர் சொல்ல முடியாதா?

ஓரளவு முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669 இல், குவார்ட்ஸ் படிகங்களின் அளவும் தோற்றமும் எப்படி மாறினாலும் ஒத்த முகங்களுக்கிடையேயான கோணம் மாறுவதில்லை என்று காட்டினார். அந்த விதி இன்றும் செல்லும். சமையல் உப்பு 90 டிகிரிக் கோணங்களுடன் கனசதுரமாக வரும். வேகமாக வற்றினால் முகங்கள் குழிந்து படிக்கட்டுப் போன்ற தோற்றம் பெறும். படிகாரம் முக்கோண முகங்களைக் கொண்ட எண்முகியாக வரும். பேதி உப்பு நீண்ட பட்டகங்களாக வரும்.

ஆனால் கோணம் மாறாவிட்டாலும் எந்த முகங்கள் வெளிப்படும் என்பது மாறும், பலரும் ஏமாறுவது இங்குதான். கரைசலில் யூரியா இருந்தால் சமையல் உப்பே கனசதுரத்தை விட்டு எண்முகியாக வளரும். பிரான்சின் ரொமே தெ லில் என்னும் படிகவியலாளர் 1783 இல் சிறுநீரிலிருந்து கிடைத்த உப்பில் இதைக் குறித்து வைத்தார். தோட்டத்து யூரியா கலந்த பாத்திரத்தில் எண்முகிகளைக் கண்டு படிகாரம் என்று முடிவு செய்தால் அந்த முடிவு தவறிவிடும்.

வெப்பமும் வடிவத்தை மாற்றும். லூயி பாஸ்டர் 1848 இல் சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வகைகள் இருப்பதைக் கண்டார். கண்ணால் வடிவம் பார்த்துச் செய்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழேதான் அவ்வாறு தனித்தனியாகப் பிரிந்து வளரும். அதைவிடச் சூடான அறையில் இரு வகைகளும் ஒரே படிகத்தில் கலந்து வேறு வடிவில் வரும். பாரிஸ் நகரத்துக் குளிர் அவருக்குத் துணை நின்றது. சென்னையின் சித்திரை மாதத்தில் அதே கரைசல் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காது. ஆகவே வடிவத்தைச் சான்றுகளில் ஒன்றாக மட்டுமே கொள்ள வேண்டும். பாகுபோல் கெட்டியான எந்தக் கரைசலிலிருந்தும் ஊசிகள் வரலாம் என்பதால், ஊசி வடிவம் மட்டும் இருப்பது எந்தப் பொருளுக்கும் தனிச் சான்று அல்ல.

பெரும் செலவில்லாமல், வீட்டிலேயே ஒளியைக் கொண்டு சோதிக்க வழி உண்டா?

உண்டு, இது பலருக்குத் தெரியாத நல்ல வழி. மடிக்கணினியின் எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது, அதாவது அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிர்பவை. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே படிகம் வைத்த சிறு கண்ணாடித் தகட்டைப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அந்தக் கண்ணாடியைத் திரை இருண்டு போகும்வரை சுழற்ற வேண்டும். சமையல் உப்பு, பொட்டாசியம் குளோரைடு, படிகாரம் ஆகியவை கனசதுர அமைப்புடையவை என்பதால் அவையும் இருண்டே தெரியும். பேதி உப்பு, ஆப்ப சோடா, சோடியம் அசிட்டேட், எலுமிச்சை உப்பு ஆகியவை இருண்ட பின்னணியில் ஒளிரும். மெல்லியனவாக இருந்தால் நிறங்களும் காட்டும். தகட்டைச் சற்றே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒளிரும் படிகமும் சில கோணங்களில் இருளும். குறைந்த சோடியம் உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், கனசதுரமாகவும் இருண்டும் தெரிந்த படிகம் சமையல் உப்பேதான் என்று இதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

மஞ்சள், சங்குப்பூ, குளியல் சோப்பு ஆகியவற்றால் என்ன அறியலாம்?

ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கும்போது நீர் சிவப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் தாள், காரப் பொருளைக் கண்டுபிடிக்கும் நம்பகமான கருவி. சலவை சோடாக் கரைசல் பட்டதும் தாள் அடர்சிவப்பாகும். ஆப்ப சோடா மங்கிய செம்பழுப்பை மட்டுமே தரும். சமையல் உப்பு, பேதி உப்பு, படிகாரம் ஆகியவை மாற்றம் எதையும் தருவதில்லை. சங்குப்பூச் சாறு அமிலத்தில் ஊதாச் சிவப்பாகவும் சலவை சோடாவில் பச்சையாகவும் மாறுவதால், எலுமிச்சை உப்பு போன்ற அமிலப் படிகங்களையும் பிரித்தறிய உதவும்.

சோப்புச் சோதனை மக்னீசியத்தையும் கால்சியத்தையும் காட்டும். மழைநீரிலோ வடித்தெடுத்த நீரிலோ குளியல் சோப்பைக் கரைத்து, அதில் படிகத்தின் கரைசலைச் சில சொட்டு விட்டால், பேதி உப்போ கால்சியம் உப்போ படிகாரமோ இருந்தால் நுரை அடங்கி வெள்ளைத் திரிதிரியாகத் தயிர்த்துப் போகும். சோடியம், பொட்டாசியம் உப்புகளில் அப்படி ஆகாது. அமிலங்களும் சோப்பைத் திரிக்கும் என்பதால் முதலில் சங்குப்பூச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. இதற்குச் சலவைத் திரவம் உதவாது, சோப்புக்கட்டிதான் வேண்டும். படிகம் சேர்க்காத வெறும் நீரிலும் ஒருமுறை செய்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பேதி உப்பையும் சோடாவையும் கலந்தால் ஒருமுறை வெண்கூழாகிறது, இன்னொருமுறை தெளிவாக இருந்து சில நாள் கழித்து ஊசிகள் வருகின்றன. ஏன்?

இரண்டு முறையும் சேர்த்தது வெவ்வேறு சோடா. சலவை சோடாவைச் சேர்த்தால் மக்னீசியம் கார்பனேட் வகைச் சேர்மம் உடனே வெண்மையான கூழாக வீழ்படிவாகும். ஆப்ப சோடாவைச் சேர்த்தால் குளிர்ந்த நிலையில் கரைசல் தெளிவாகவே இருக்கும், ஏனெனில் மக்னீசியம் பைகார்பனேட் கரையக்கூடியது. நாள் செல்லச் செல்லக் கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேற, மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த மக்னீசியம் கார்பனேட் ஊசிகளாகப் படியும். கொதிக்க வைத்தால் காத்திருக்கத் தேவையின்றி உடனே கலங்கும். இந்த ஊசிகள் நீரில் கரையமாட்டா, வினிகரில் நுரைத்துக் கரையும். இவ்விரு தன்மைகளாலும் நீரில் எளிதில் கரையும் பேதி உப்பிலிருந்து வேறுபடுத்திவிடலாம். படிவை வடிகட்டியபின் எஞ்சும் தெளிந்த நீரில் இருப்பது பெரும்பாலும் சோடியம் சல்பேட்.

மார்கழியில் வளர்ந்த கண்ணாடி போன்ற படிகங்கள் சித்திரையில் உருகிப்போயின அல்லது மாவாக உதிர்ந்தன. கெட்டுவிட்டனவா?

கெடவில்லை, படிக நீரை இழந்திருக்கின்றன, இதுவே அவற்றின் பெயரையும் சொல்கிறது. பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் சல்பேட், கிளாபர் உப்பு என்று அறியப்படுவது, 32.4 டிகிரிக்கு மேல் அந்த வடிவில் நிலைக்காது. தன் நீரிலேயே கரைந்து நீரற்ற வெண்தூளாகப் பிரியும். சலவை சோடாவின் பெரும் படிகங்களும் ஏறத்தாழ 33 டிகிரியில் அவ்வாறே குலையும். அதற்குக் கீழேகூட உலர்ந்த காற்றில் மாவு பூத்துவிடும். பேதி உப்பு உருகாது, உலர்ந்த காற்றில் மெல்ல வெளுத்து மங்கும். படிகாரம் 92 டிகிரிவரை தாங்கும். எனவே சூட்டில் எந்த அளவில் நீர்மமாகிறது என்று குறித்துவைப்பது, அடையாளம் காண்பதற்கு நிறத்தைவிடவும் வடிவத்தைவிடவும் உறுதியான வழி. சமையலறை வெப்பமானி ஒன்றும் வெந்நீரும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். வளர்ந்த படிகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் காற்றுப் புகாத புட்டியில் இட்டு வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

முட்டை ஓட்டை வினிகரில் ஊறவைத்த பாத்திரத்தின் விளிம்பில் பஞ்சுபோல் படிகங்கள் ஏறியுள்ளன. அவை எவை?

கால்சியம் அசிட்டேட். முட்டை ஓடும், குழாய் முனையில் கடின நீர் படியவைக்கும் வெள்ளைப் பொருக்கும் கால்சியம் கார்பனேட்டே. வினிகர் அதைக் கரைத்துக் கால்சியம் அசிட்டேட்டாக்குகிறது. கரைசல் பாத்திரத்தின் சுவரில் ஏறிக்கொண்டே வற்றுவதால் விளிம்பைத் தாண்டி மெல்லிய இழைகள் வளரும்.

இதே வேதிவினை அருங்காட்சியகங்களில் பெரும் சேதம் செய்திருக்கிறது. மர அலமாரிகளில் வைத்த சங்குகளின் மேல் வெண்படிகங்கள் பூத்து ஓடுகள் அரித்துப் போவதை, இங்கிலாந்தின் லோஃப்டஸ் பைன் 1899 இல் விவரித்தார். அவர் அதற்குக் கிருமிகளைக் காரணம் சொன்னார். உண்மையில் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளே ஓட்டைத் தாக்கிக் கால்சியத்தின் அசிட்டேட், ஃபார்மேட் உப்புகளை உண்டாக்குகின்றன. இன்றும் அதற்குப் பைன் நோய் என்ற பெயரே வழங்குகிறது. கடற்கரையில் பொறுக்கிய சங்குகளை மூடிய மரப்பெட்டியில் வைத்திருப்பவர்கள் அவற்றை எடுத்து ஒருமுறை பார்ப்பது நல்லது.

முட்டை ஓட்டுக்கு வினிகருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தினால் கிடைப்பது கால்சியம் சிட்ரேட். அது சூட்டில் குறைவாகக் கரைவதால், தெளிந்த கரைசலைச் சூடாக்கும்போது வெண்படிவு தோன்றும், இது வழக்கத்துக்கு மாறான நல்ல அடையாளம். சுவீடன் வேதியியலாளர் கார்ல் ஷீல 1784 இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தபோது இந்தக் கால்சியம் உப்பின் வழியாகவே சென்றார்.

நீலமாகவோ பச்சையாகவோ படிகம் வந்தால்?

முதலில் செம்பை நினைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளியோ வினிகரோ எலுமிச்சையோ தங்கினால் களிம்பு ஏறும் என்பதை நம் பாட்டிமார் அறிந்தே வெள்ளீயம் பூசி வைத்தார்கள். வினிகரில் செம்புக் கம்பி கிடந்து வற்றினால் கருநீலப்பச்சையான செம்பு அசிட்டேட் கிடைக்கும். உப்பும் கூடவே இருந்தால் வெளிர்பச்சையான செம்புக் குளோரைடு வகைகள் சேரும். மயில்துத்தம் என்னும் செம்பு சல்பேட் தெளிந்த நீல நிறம் உடையது. சூடாக்கினால் படிக நீரை இழந்து வெளுக்கும், ஒரு சொட்டு நீர் பட்டால் மீண்டும் நீலமாகும். இன்வெர்ட்டர் பேட்டரியின் செம்பு முனையில் பூக்கும் நீலப் பொருக்கும் பெரும்பாலும் இதுவே. ஆனால் அங்கே ஈய சல்பேட்டும் கந்தக அமிலமும் உடன் இருப்பதால் அதைச் சுரண்டி ஆராயக் கூடாது.

செம்பு இருப்பதை உறுதி செய்ய, கரைசலில் துரு நீக்கிய இரும்பு ஆணி ஒன்றைச் சில நிமிடம் நிறுத்தினால் போதும். செம்பு இருந்தால் ஆணியின் மேல் செம்பழுப்புப் பூச்சு படியும். செம்பு உப்புகள் அனைத்தும் நச்சுத்தன்மை உடையவை. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கும் முன் நன்கு துலக்கி, பூச்சு தேய்ந்திருந்தால் வெள்ளீயம் பூசிக்கொள்ள வேண்டும்.

வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கிறதே?

வினிகரில் சேர்த்த கேரமல் நிறம், இரும்பு வாணலியிலிருந்து கரைந்த இரும்பு ஆகிய இரண்டும் வழக்கமான காரணங்கள். படிகத்தைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து வடிகட்டி மறுபடி படிய விட்டால் நிறம் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும்.

ஒரு நிலை மட்டும் இதில் சேராது. உப்புநீரில் எவர்சில்வர் கரண்டிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சியவர்கள் கண்ட மஞ்சள் அல்லது பச்சை நிறம் எஃகிலுள்ள குரோமியத்திலிருந்தும் நிக்கலிலிருந்தும் வந்தது. அதில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிற குரோமியம் இருக்கக்கூடும். வற்றவைக்கவும் கூடாது, கையால் அள்ளவும் கூடாது.

படிகம் ஒரே பொருளா, கலவையா என்று எப்படி அறிவது?

மீண்டும் கரைத்துப் பகுதி பகுதியாகப் படிய விட வேண்டும். முதலில் வருவதைத் தனியாகவும் கடைசியில் வருவதைத் தனியாகவும் எடுத்து, இரண்டிலும் ஒரே சோதனைகளைச் செய்து பார்த்தால், விடைகள் ஒத்திருந்தால் ஒரே பொருள், மாறினால் கலவை. மெதுவாக வற்ற விட்டால்தான் இது பயன் தரும். வேகமாகக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் எல்லாம் ஒன்றாக ஒட்டி நிற்பதால், அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செய்த சோதனை எதையும் நிறுவாது.

இத்தனை செய்தும் ஐயம் நீங்காவிட்டால்?

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்து பார்க்கலாம். வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடையும் பேரியம் குளோரைடால் சல்பேட்டையும் சில நிமிடங்களில் கண்டுவிடுவார்கள். சோடியத்தின் மஞ்சள் சுடரும் செம்பின் பச்சைச் சுடரும் எளிதில் தெரியும். பொட்டாசியத்தின் வெளிர் ஊதாச் சுடரைச் சிறிதளவு சோடியமும் மறைத்துவிடும் என்பதால் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

அறுதியான விடை வேண்டுமானால் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. 1912 இல் மேக்ஸ் வான் லவே குழுவினர் படிகம் எக்ஸ் கதிரைச் சிதறடிப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் சமையல் உப்பின் உள்ளமைப்பை வெளிக்கொணர்ந்தார்கள். மற்றொன்று ராமன் நிறமாலைமானி. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. ராமன் 1928 இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவே இதன் அடிப்படை. ஒவ்வொரு சேர்மமும் தன் மீது விழும் ஒளியின் ஒரு சிறு பகுதியைத் தனக்கே உரிய அளவில் நிறம் மாற்றி அனுப்புவதால், படிகத்தை அழிக்காமலே அதன் பெயரைச் சொல்லிவிட முடிகிறது. ஆனால் சமையல் உப்பு போன்ற எளிய அயனிப் படிகங்களில் ராமன் கோடுகள் தெளிவாகக் கிடைப்பதில்லை. அவற்றுக்கு எக்ஸ் கதிரே ஏற்றது. கார்பனேட், சல்பேட், அசிட்டேட் ஆகியவற்றுக்கு ராமன் முறை மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. மாதிரியைக் கொடுக்கும்போது கலந்தவற்றின் பட்டியலையும் உடன் கொடுத்தால் அவர்கள் வேலை பாதியாகும்.

சோதித்து முடித்தவற்றை எங்கே கொட்டுவது?

சமையல் உப்பு, ஆப்ப சோடா, பேதி உப்பு, சோடியம் அசிட்டேட் ஆகியவற்றைச் சிறிதளவாக இருந்தால் நிறைய நீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். செடிகளுக்கு ஊற்றக் கூடாது, சோடியம் மண்ணைக் கெடுக்கும். செம்புக் கரைசலைக் கிணற்றடியிலோ மீன் வளரும் குளத்தருகிலோ ஊற்றவே கூடாது. அதில் சலவை சோடாவைச் சேர்த்துச் செம்பு முழுவதையும் நீலப்பச்சைப் படிவாக இறக்கி, துணியில் வடிகட்டி, உலர்ந்தபின் மூடிய புட்டியில் இட்டுப் பெயர் எழுதி, அபாயகரமான வீட்டுக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். வடிந்த நீரில் ஆணிச் சோதனையை மறுபடி செய்து, பூச்சு ஏறவில்லை என்று கண்ட பின்னரே அதை வெளியேற்றலாம்.